நான் வெட்டாத கலியாண வீடியோ

அந்த டெனிஷ் படத்தைப் பார்க்கப் போன நாளில், என் தம்பியின் கலியாண வீடியோ எங்கள் கடையின் பின்னறையில் வெட்டப்படாமல் கிடந்தது. அதிலிருந்து என் தங்கையை எடுத்துவிடும்படி அப்பா சொல்லியிருந்தார். சொன்னது அவர், செய்ய வேண்டியவள் நான். வீடியோவை வெட்டி ஒட்டுவதுதான் அப்போது என் தொழில்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. எங்கள் சனம் நிறையக் குடியேறியிருந்த ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மூலையில் எங்களுக்கு ஒரு வீடியோக் கடை இருந்தது. முன்பக்கத்தில் தமிழ்ப் படக் கசற்றுகளை வாடகைக்குக் கொடுப்போம். சனி ஞாயிறுகளில் என் கணவர் கமராவைத் தோளில் வைத்துக்கொண்டு கலியாணம், பெண் பிள்ளைகளின் சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று கொண்டாட்டம் நடக்கிற ஹோல் ஹோலாகத் திரிவார். அவர் எடுத்து வருவதை வார நாட்களில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, பின்னறையில் இருந்து நான் படமாக்குவேன். பாட்டுப் போடுவேன், எழுத்துப் போடுவேன், மாப்பிள்ளையின் முகத்தை ஒரு இதயத்துக்குள் வைத்துச் சுழல விடுவேன். அது என் ரசனை அல்ல. இதயம் சுழலாவிட்டால் கலியாணமே நடக்கவில்லை என்பது போலச் சனம் முகத்தை நீட்டும்.

ஆனால் என்னைத் தேடி வந்தவர்களுக்கு முக்கியமாகத் தேவைப்பட்டது வெட்டுத்தான். எங்கள் சனம் ஒரு கொண்டாட்டத்தை இரண்டு தரம் நடத்தும். முதலாவது ஹோலில், இரண்டாவது கசற்றில். ஹோலில் நடந்தது இங்கே உள்ளவர்களுக்கு. கசற் யாழ்ப்பாணத்துக்கும் லண்டனுக்கும் பாரிசுக்கும் டென்மார்க்குக்கும் போகும். ஆகவே கசற்றில் யார் இருக்கலாம், யார் இருக்கக்கூடாது என்று குடும்பத்தில் மந்திரிசபை கூடும். சீதனத்தில் கோபித்துக்கொண்ட மைத்துனர், சாதி மாறிக் கட்டியவள், குடித்துவிட்டு மேடையில் ஏறி ஆடிய சித்தப்பா என்று ஆட்கள் ஒவ்வொருவராகத் தீர்ப்புக்கு வருவார்கள். “பிள்ளை, உவரை ஒருக்கா எடுத்துவிடும்” என்பார்கள். நான் எடுத்துவிடுவேன். எடுத்த இடத்தில் படம் ஒரு துள்ளுத் துள்ளும். அதை மறைக்க ஒரு ரோசாப்பூவை விரிய விடுவேன்.

சனம் லேசுப்பட்டதா? கொஞ்ச நாளில் அதைக் கண்டுபிடித்துவிட்டது. வீட்டில் கசற்றைப் போட்டுப் பார்க்கும்போது பூ விரிந்தால் போதும், “ஆரோ வெட்டுப்பட்டிருக்கினம்” என்று ஆராய்ச்சி தொடங்கிவிடும். பேசாமல் விட்டிருந்தால் ஒருவரும் கவனித்திருக்காத மனிதரைப் பற்றி, பூப் போட்டதால் பாரிஸ் வரை கதை போகும். இதை நான் வருகிறவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். யார் கேட்டார்கள்? வெட்டு என்றால் வெட்டுத்தான்.

என் தங்கை எனக்கு அடுத்தவள். தம்பி கடைசி. அப்பா விசாரித்து, சாதகம் பார்த்து, நல்ல இடம் என்று சொல்லித்தான் அவளைக் கட்டிக் கொடுத்தார். அந்த நல்ல இடம் அவளுக்கு அடித்தது. கோபத்தில் ஒருநாள் கைநீட்டிய கதை அல்ல அது. அடிப்பதை அவன் ஒரு பழக்கமாகவே வைத்திருந்தான். முதலில் அவள் எங்கள் வீட்டுக்குத்தான் ஓடிவந்தாள். அப்பா அவளுக்கும் புத்தி சொல்லி, அவனுக்கும் புத்தி சொல்லி, தன் காரிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அடுத்த முறை அவள் எங்களிடம் வரவில்லை. பொலிசைக் கூப்பிட்டாள்.

அந்த அப்பார்ட்மென்ற் கட்டடத்தில் பாதி எங்கள் ஊர்ச்சனம். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அவனுக்கு விலங்கு போட்டுக் கூட்டிக்கொண்டு போனார்கள். அன்றைக்கே என் தங்கையின் கதை முடிந்தது. அவளுடைய உதடு கிழிந்திருந்ததைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. “கட்டின புருஷனுக்கு விலங்கு போட்டவள்” என்பதுதான் அவளுக்குப் பட்டமானது. அப்பா வீட்டுக் கதவைச் சாத்தினார். அம்மா அந்தக் கதவுக்குப் பின்னால் நின்று அழுதார், ஆனால் திறக்கவில்லை. அவன் பிறகு வேறொருத்தியைக் கட்டி, ஒரு குறையுமில்லாமல் இருந்தான். எங்கள் கசற்றுகளில் எத்தனையோ தரம் அவன் முகத்தைக் கண்டிருக்கிறேன். கையில் சாப்பாட்டுக் கோப்பையோடு வடையைக் கடித்தபடி கமராவைப் பார்த்துச் சிரிப்பான். அவனை வெட்டச் சொல்லி இன்றுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

தங்கை நகரத்தின் நடுவில், சப்வேக்குப் பக்கத்தில், ஒற்றை அறை அப்பார்ட்மென்ற் ஒன்றில் தனியாக இருந்தாள். ஒரு சினிமாத் தியேட்டரில் வாசலில் நின்று ரிக்கற் கிழிக்கிற வேலை. நான் அவளிடம் போய் வருவேன். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னால் அம்மா காதில் விழாதது போல வெங்காயம் உரிப்பார்.

பிறகு தம்பிக்குக் கலியாணம் பேசினார்கள். பெண் வீட்டார் மார்க்கம் என்கிற பக்கத்து ஊரில் புதுவீடு வாங்கி இருந்த ஆட்கள். அவர்கள் பேச வந்த அன்று நான் தேத்தண்ணித் தட்டோடு கூடத்துக்குள் வரும்போது, பெண்ணின் தகப்பன் கேட்டார், “உங்களுக்கு மொத்தம் எத்தினை பிள்ளையள்?” அப்பா ஒரு கணமும் யோசிக்கவில்லை. “எங்களுக்கு ரெண்டு. மூத்தவ உவ. கடைசி மகன்தான் மாப்பிள்ளை” என்றார். ‘மூத்தவ’, ‘கடைசி’ என்று சொல்லிவிட்டு நடுவில் ஒன்றுமில்லை என்கிற கணக்கை அவரால் எப்படி அவ்வளவு லேசாகச் சொல்ல முடிந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தட்டைக் கொஞ்சம் சத்தமாகவே மேசையில் வைத்தேன்.

கலியாணத்துக்கு முந்தின கிழமை அம்மா என்னை அறைக்குள் கூப்பிட்டார். “அவளிட்டச் சொல்லு, வரவேண்டாம் எண்டு. வந்தால் தம்பியின்ர வாழ்க்கைதான் பாழாகும்.” நான் சொல்கிறேன் என்றேன். சொன்னேன். தங்கைக்குப் போன் எடுத்து, “வரவேண்டாம் எண்டு சொல்லச் சொன்னவை. சொல்லிப்போட்டன். முகூர்த்தம் பத்தரைக்கு. ஹோல் எது எண்டு எழுதிக்கொள்” என்றேன்.

அவள் வந்தாள். கடும் பச்சைச் சேலை, தலையில் பூ இல்லை. தாலி கட்டி முடிந்து, ஆட்கள் வரிசையில் வந்து மணமக்களுக்கு அறுகரிசி போட்டு ஆசீர்வதிக்கிற நேரம். சோடி சோடியாக வந்துகொண்டிருந்த வரிசையின் கடைசியில் அவள் தனியாக நின்றாள். புருஷனை விட்டவள் அறுகரிசி போடுவதா என்று அங்கே நின்ற பல பேருடைய கண்கள் கேட்டன. அவள் யாரையும் பார்க்கவில்லை. கிண்ணத்தில் இருந்து அறுகும் அரிசியும் அள்ளி, தம்பியின் தோளிலும் தலையிலும் போட்டாள். தம்பி நிமிர்ந்து பார்த்தான். மாப்பிள்ளைத் தலைப்பாகைக்குக் கீழே அவனுடைய முகம் சின்னப் பிள்ளையின் முகமாகிவிட்டது. “அக்கா” என்று அவன் வாய் அசைந்தது.

மணவறைக்குப் பக்கத்தில் என் கணவர் கமராவோடு நின்றார். நான் வெளிச்சம் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்களுக்கு ஓரடி தள்ளி அம்மாவும் பெண்ணின் தாயும் நின்றார்கள். பெண்ணின் தாய் அம்மாவின் பக்கம் சாய்ந்து, “உது ஆர் சம்பந்தி?” என்று கேட்டார்.

“தெரிஞ்ச பிள்ளை” என்றார் அம்மா.

என் தங்கை நின்ற தூரத்தில் அது கேட்கும். கேட்டது. அவள் மணப்பெண்ணின் தலையில் மிச்ச அரிசியைப் போட்டு, கையைத் தட்டிவிட்டு, இறங்கி நடந்தாள். சாப்பிடாமலே போய்விட்டாள்.

அடுத்த நாளே அப்பா கடைக்கு வந்துவிட்டார். கதிரையில் உட்காரவும் இல்லை.

“அவள் வந்து நிண்டதை எடுத்துவிடு. சம்பந்தி பகுதி பாக்கப்போற கசற். ஒரு பூவைப் போட்டுவிடு.”

“அப்பா, அவள் தம்பியை ஆசீர்வதிச்சது. அதை எப்பிடி எடுக்கிறது?”

“மற்றச் சனத்துக்கு எப்பிடி எடுக்கிறனீ? அப்பிடித்தான்.”

அவர் போன பிறகு நான் கசற்றை டெக்குக்குள் போட்டேன், வெளியே எடுத்தேன், திரும்பப் போட்டேன். வெட்டவும் முடியவில்லை, மாட்டேன் என்று அப்பாவின் முகத்துக்கு நேரே சொல்லவும் வாய் வரவில்லை. என் கணவர் நல்ல மனிதர், ஆனால் சண்டைக்குத் தூரம். “சனம் வெட்டச் சொன்னால் வெட்டிக் குடும், எங்களுக்கென்ன” என்பதுதான் அவருடைய தொழில் தர்மம். அன்றைக்கு அவர்கூட வெட்டு என்று சொல்லாமல் முன்பக்கம் போய்க் கசற்றுகளை அடுக்கினார்.

அப்படிக் கிடக்கும்போதுதான் தங்கை எனக்குப் போன் எடுத்தாள். நகரத்தில் ஆண்டுதோறும் நடக்கிற திரைப்பட விழா தொடங்கியிருந்தது. அவள் வேலை செய்கிற தியேட்டரிலும் படங்கள் ஓடின. அவளுக்கு ஓசி ரிக்கற் கிடைத்திருந்தது. “அக்கா, ஒரு டெனிஷ் படம். நேற்று வாசலில நிண்டு கொஞ்சம் பாத்தனான். அசல் உங்கட கலியாண வீடியோ மாதிரித்தான் இருக்கு. வாங்கோ” என்றாள்.

டென்மார்க் என்றால் எனக்கு அதுவரை ஒரு பார்சல்தான். அங்கே சித்தப்பாவின் பிள்ளைகள் இருந்தார்கள். அந்த நாட்டு வீடியோ முறை வேறு என்பதால் அவர்களுக்கு அனுப்புகிற கசற்றை மாற்றிப் பதிய வேண்டும். அவ்வளவுதான் அந்த நாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது. மத்தியானக் காட்சிக்குப் போனோம். தியேட்டர் நிரம்பி வழிந்தது. அவ்வளவு வெள்ளைக்காரர் நடுவில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம்.

படம் தொடங்கியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையாகவே எங்கள் வீடியோதான். சின்னக் கமராவைக் கையில் பிடித்து எடுத்திருந்தார்கள். படம் ஆடியது, வெளிச்சம் போதவில்லை, யாரோ ஒருவரின் முதுகு பாதித் திரையை மறைத்தது. இப்படி எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் எங்கள் சனம் கசற்றால் எறிந்திருக்கும். கதை ஒரு கலியாண வெள்ளிவிழா விருந்து. கடற்கரையில் ஒரு பழைய வீடு, நீள மேசை, தாயும் தகப்பனும் நடுவில். வந்தவர்கள் அந்தத் தம்பதிக்கென்று தாங்களே பாட்டெழுதி, கடதாசியில் பார்த்து எல்லோரும் சேர்ந்து பாடுகிறார்கள். அந்த வீட்டின் மூத்த மகன் இளவயதிலேயே கடலில் தவறி விழுந்து செத்துப்போனவன் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

பாட்டு முடிந்ததும் கடைசி மகள் எழும்பிச் சொல்கிறாள். அண்ணன் தவறி விழவில்லை. அன்றைக்குத் தகப்பன்தான் அவனை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினார். அவன் நெடுநேரம் கதவைத் தட்டினான், ஒருவரும் திறக்காததால் கடலுக்குள் நடந்துபோனான். மேல்மாடி யன்னலில் நின்று தான் எல்லாவற்றையும் பார்த்தேன் என்கிறாள். சொல்லிவிட்டு நிற்கிறாள். பிறகு ஒரு கிழவர் பக்கத்தில் இருந்தவரிடம், அந்த உருளைக்கிழங்கை இந்தப் பக்கம் தாருங்கோ என்கிறார். எல்லோரும் திரும்பச் சாப்பிடத் தொடங்குகிறார்கள். இன்னொருவர் அடுத்த பாட்டை எடுத்துவிடுகிறார்.

அந்த உருளைக்கிழங்குக் கிழவரை எனக்குத் தெரியும். எங்கள் ஹோல்களில் அவர் முன்வரிசையில் இருப்பார். திரையைக் கிழித்து உள்ளே போய் அவரை உலுக்க வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. பக்கத்தில் தங்கை அசையாமல் இருந்தாள். அவளுடைய கையைப் பிடித்தேன்.

படம் முடிந்ததும் இயக்குநர் மேடைக்கு வந்தார். நெடுத்த, மெலிந்த ஆள். தலை வாரியிருக்கவில்லை, சட்டைக் கையை மடித்து விட்டிருந்தார். அவருடைய ஆங்கிலம் எங்களுடையதைப் போலவே தட்டித் தடவித்தான் வந்தது. அது எனக்குத் தைரியம் கொடுத்தது. எல்லோரும் கமராவைப் பற்றியும் வெளிச்சத்தைப் பற்றியும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கையை உயர்த்தினேன். தங்கை திகைத்துப்போய், “அக்கா, என்ன செய்யிறியள்?” என்றாள். அதற்குள் மைக் வந்துவிட்டது. எழும்பி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், “இதை உங்கள் வீட்டார் பார்த்தார்களா?” என்று கேட்டேன்.

சில பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இது தன் குடும்பத்தின் கதை அல்ல, ஆனால் எந்தக் குடும்பத்துக்குத்தான் இப்படி ஒன்று இல்லை என்றார். படத்தை முதலில் தன் தாயின் வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் போட்டுக் காட்டினாராம். அந்த மகள் எழும்பிப் பேசுகிற இடம் வந்ததும், தாய் கோப்பி போடுவதாகச் சொல்லிக் குசினிக்குப் போய்விட்டாராம். “நான் படத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். கோப்பி போட நிறைய நேரம் எடுத்தது. அவர் வந்து இருந்த பிறகுதான் திரும்ப ஓடவிட்டேன்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். மைக்கை அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டார்கள்.

வெளியே வந்து ஒரு கடையில் கோப்பி குடித்தோம். தங்கையிடம் நான் மறைக்கவில்லை. அப்பா வெட்டச் சொன்னதைச் சொன்னேன். அவள் கோப்பிக் கப்பைச் சுற்றிச் சுற்றிப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“வெட்டுறதெண்டால் வெட்டுங்கோ அக்கா. எனக்கென்ன, நான் போனனான், தம்பியைப் பாத்தனான். அது நடந்தது நடந்ததுதான்.”

“நான் வெட்டேல்லை.”

“அது உங்கட பாடு. ஆனால் ஒண்டு சொல்லிப்போட்டன். நான் இனி அந்த வீட்டு வாசலுக்கு வரமாட்டன். முதல் அடிவாங்கிக்கொண்டு வந்தனான், கொண்டுபோய் விட்டவை. இப்ப சேலை உடுத்திக்கொண்டு வந்தனான், தெரிஞ்ச பிள்ளையாம். இனி வாறதெண்டால் அவை வரட்டும்.” அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. அழுகையோடு ஒரு வீம்பும் வந்தது.

அடுத்த நாள் காலை கடையைத் திறந்ததும் பின்னறைக்குப் போனேன். கலியாணம் முழுவதையும் ஒழுங்காகச் செய்தேன். அறுகரிசி வரிசையைத் தொடவேயில்லை. அந்த இடத்தில் பின்னணிப் பாட்டுப் போடுவது வழக்கம். பாட்டையும் எடுத்துவிட்டு, ஹோலில் கேட்ட சத்தத்தை அப்படியே விட்டேன். என் கணவர் வந்து பின்னால் நின்று பார்த்தார். “உம்மட அப்பா என்னைத்தான் பேசப்போறார்” என்றார். “பேசட்டும்” என்றேன். பிறகு அவர், “சத்தம் கொஞ்சம் குறைவாய்க் கிடக்கு. கூட்டிவிடும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிதரை நான் கட்டியது வீண்போகவில்லை என்று அன்றைக்கு நினைத்தேன்.

கலியாணம் முடிந்து வருகிற ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சம்பந்தி வீட்டாரைக் கூப்பிட்டு மத்தியானச் சாப்பாடு கொடுத்து, எல்லோருமாக இருந்து கசற் பார்ப்பது எங்கள் வழக்கம். தம்பியும் கலியாணத்தை ஒட்டி மார்க்கத்தில் ஒரு வீடு வாங்கியிருந்தான், அப்பாவும் அம்மாவும் அவனோடு அங்கே வந்துவிட்டார்கள். பெண்ணின் தாயும் தகப்பனும் வந்திருந்தார்கள். அப்பா என்னைக் கண்டதும் வாசலிலேயே மெல்லக் கேட்டார்.

“எல்லாம் சரியோ?”

“சரி அப்பா.”

“பூப் போட்டனீயோ?”

“இல்லை. பூத் தேவைப்படேல்லை.” அவர் நான் கெட்டிக்காரி என்று நினைத்திருக்க வேண்டும். முதுகில் தட்டிக் கொடுத்தார்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் ரீவிக்கு முன்னால் இருந்தார்கள். நான் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கீழே கம்பளத்தில் இருந்தேன். பெண் அழைப்பு, மாலை மாற்றுதல், தாலிகட்டு எல்லாம் ஓடின. சம்பந்தியம்மா ஒவ்வொரு சேலைக்கும் ஒரு கருத்துச் சொன்னார். அறுகரிசி வரிசை வந்தது. பாட்டு நின்று ஹோலின் சத்தம் கேட்கத் தொடங்கியதும் அப்பா நிமிர்ந்து இருந்தார். வரிசையின் கடைசியில் பச்சைச் சேலை தெரிந்தது.

அம்மா எழும்பினார். “நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்” என்று குசினிப் பக்கம் நடந்தார்.

நான் நிறுத்தினேன். தங்கையின் கை தம்பியின் தலைக்கு மேலே நின்றது. நிறுத்தி வைத்த கசற்றுக்கே உரிய வெள்ளைக் கோடுகள் அவளுடைய முகத்தின் மேல் நடுங்கின.

“ஏன் நிப்பாட்டினனீ?” என்றார் அப்பா. குரல் கீழே போயிருந்தது.

“அம்மா வரட்டும்.”

“அவ வருவா. நீ முன்னுக்கு ஓட்டு.”

“அம்மா வந்த பிறகு போடுறன் அப்பா.”

“ரிமோட்டைத் தா இஞ்ச.”

“தரமாட்டன்.”

என் வாழ்க்கையில் அப்பாவுக்கு நான் நேருக்கு நேரே சொன்ன முதல் ‘மாட்டன்’ அதுதான். அதைச் சொன்னதில் எனக்கு ஒரு சந்தோசம் இருந்தது. தம்பி எழும்பி வந்து எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் கம்பளத்தில் குந்திக்கொண்டான். அவனுடைய தைரியம் அவ்வளவுதான். எனக்கு அது போதும். குசினிக்குள் கேத்திலில் தண்ணி கொதித்துத் தானாகவே நின்றது. எல்லோரும் காத்திருந்தோம். கடைசியில் அம்மா தேத்தண்ணி இல்லாமல் வெறுங்கையோடு வந்து கதவு நிலையில் நின்றார். நான் அவர் உட்காரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்தார். ஓடவிட்டேன்.

“உது ஆர் சம்பந்தி?” என்று ரீவியில் இருந்து கேட்டது.

“தெரிஞ்ச பிள்ளை.”

என் கணவர் சொன்னபடி சத்தத்தைக் கூட்டியிருந்தேன். அம்மாவின் குரல் அந்தக் கூடத்தில் துல்லியமாக விழுந்தது. திரையில் தங்கை கையைத் தட்டிவிட்டு இறங்கிப் போனாள். நான் திரும்பிச் சம்பந்தியம்மாவைப் பார்த்தேன். “மாமி, அது என்ர தங்கச்சி. இவையின்ர மகள். இந்த வீட்டில பிள்ளையள் மூண்டு” என்றேன்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். சம்பந்தியம்மா என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தார்.

“எங்களுக்குத் தெரியும் பிள்ளை” என்றார். “விசாரிக்காமல் பொம்பிளை குடுக்கிற சனமோ நாங்கள்? அந்தப் பெடியன் அவளுக்கு என்ன செய்தவன் எண்டதும் தெரியும். ரெண்டு பிள்ளையள் எண்டு சொன்னியள். சரி, ஒருநாளைக்கு நீங்களே சொல்லுவியள் எண்டு பேசாமல் இருந்தம். அண்டைக்கு உது ஆர் எண்டு கேட்டதும் அதுக்குத்தான். மகள் எண்டு சொல்லுவியள் எண்டு பாத்தனான்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்துவிட்டதாக அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். பந்தியில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டிருக்கிறார்கள். இந்தக் கேவலமான மறைப்புக்காக என் தங்கை இத்தனை காலம் தனியாக இருந்தாள் என்று நினைக்க எனக்கு எல்லோர் மீதும் கோபம் வந்தது, அந்த நல்ல மனுஷி மீதும்தான். தெரிந்தும் பேசாமல் இருந்தது என்ன பெருந்தன்மை?

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். பிறகு தலைப்பை எடுத்துவிட்டு என்னிடம், “அவளைக் கூட்டிக்கொண்டு வா” என்றார்.

“வரமாட்டாள். நீங்கள்தான் போகோணும்.”

“அவள் எங்க இருக்கிறாள்?”

பெற்ற தாய் சபையில் வைத்துக் கேட்டார், தன் மகள் எங்கே இருக்கிறாள் என்று. அந்தக் கூடத்தில் ஒருவரும் யாரையும் பார்க்கவில்லை. அம்மா எழும்பிப் போய்த் தன் குளிர்க்கோட்டை எடுத்தார். அப்பா கண்ணைத் திறக்காமலே, “இப்பவோ?” என்றார். “பின்னை எப்ப?” என்றார் அம்மா. அவருடைய வாயில் இருந்து அப்படி ஒரு மறுமொழி வந்து நான் கேட்டதில்லை. அப்பா எழும்பவில்லை.

காரில் அம்மா நெடுஞ்சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். கட்டடத்தின் முன் வாசலில், கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில், வீட்டு இலக்கங்களும் அழைப்பு மணியும் உள்ள பெட்டி இருந்தது. நான் தங்கையின் இலக்கத்தை அழுத்திவிட்டு, அம்மாவை அதற்கு முன்னால் நிற்க வைத்து, விலகி நின்றேன். பெட்டிக்குள் இரைச்சல் கேட்டது. பிறகு அவளுடைய குரல் ஆங்கிலத்தில் யார் என்று கேட்டது.

“நான்தான்” என்றார் அம்மா.

அந்தப் பக்கம் நெடுநேரம் சத்தமில்லை. அவளுக்குக் குரல் தெரிந்துவிட்டது என்று எனக்கு விளங்கியது. பிறகு தமிழில் கேட்டாள்.

“நான்தான் எண்டால் ஆர்?”

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் பலசரக்குப் பைகளோடு யாரோ உள்ளே போகக் காத்துக்கொண்டு நின்றார்கள். அம்மா அந்தப் பெட்டிக்குக் கிட்ட வாயைக் கொண்டுபோனார்.

“உன்ர அம்மா” என்றார். கேட்கவில்லையோ என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொரு தரம் உரத்துச் சொன்னார். “உன்ர அம்மா வந்திருக்கிறன் பிள்ளை.”

கதவு உடனே திறக்கவில்லை. அம்மா கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.